புழுவின் நோயிலிருந்து மனிதனின் மருந்து

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். அச்சிறப்பை மீண்டும் பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, படிப்பு அதனை என்னவாக மாற்றியது என்று காட்டுவது பயன்தரும் எனக் கருதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் புழு. அப்புழுவைக் கொல்லும் ஒரு வைரஸ். இவ்விரண்டையும் கொண்டு இன்று உலகில் தடுப்பூசியும் மருந்தும் செய்கிறார்கள்.

விழா மேடையில் புழுவைப் பற்றியா பேச்சு என்று சிலர் நகைக்கக் கூடும். சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் காடுகளில் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் செல்லும் நம் தாய்மார்களுக்குப் புழுவைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடிக்கும் நம் இளைஞர்களுக்கும் அது பழகிய பகை. நமக்கு இத்துணை நெருக்கமான ஒன்றிலிருந்து உலகம் இத்துணை பெரிய பயனைப் பெற்றிருக்கிறது. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதில் நமக்கு என்ன பங்கு என்பதே இவ்வுரையின் பொருள்.

புழுவுக்கு வரும் நோய்

பருத்திக் காட்டிலோ கடலைக் காட்டிலோ கூர்ந்து பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சில புழுக்கள் செடியின் உச்சிக்கு ஏறி, வயிற்றுக் கால்களால் இலையைப் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி செத்துக் கிடக்கும். தொட்டால் தோல் கிழிந்து கலங்கிய நீர் ஒழுகும். எவரும் மருந்தடித்திராத காட்டிலும் இக்காட்சி உண்டு. அப்புழுக்களைக் கொன்றது ஒரு வைரஸ். அறிவியலார் அதனைப் பாகுலோ வைரஸ் என்பார்கள். இலத்தீன் மொழியில் 'பாகுலம்' என்றால் கோல். நுண்கோல் வடிவில் இருப்பதால் இப்பெயர் வந்தது. வேளாண் துறையினர் 'என்.பி.வி.' என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பட்டு வளர்ப்போர் இதே குடும்பத்து நோயை வேறு பெயரால் அறிவார்கள். பட்டுப்புழுவைத் தாக்கி, அதன் உடலைப் பால்போன்ற நீராக்கிவிடும் 'கிராசெரி' என்னும் நோய்க்குக் காரணமும் ஒரு பாகுலோ வைரஸ்தான். வளர்ப்பவரின் பல வார உழைப்பை அது சில நாட்களில் அழித்துவிடும்.

இந்த வைரஸின் வாழ்க்கை முறையை நாம் சற்று நிதானமாக அறிந்துகொள்ள வேண்டும். பின்னால் வந்த வியப்புகள் அனைத்திற்கும் அதுவே அடிப்படை.

வைரஸ் தானாக வாழவல்லதன்று. ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அவ்வுயிரணுவின் பொறிகளைக் கொண்டு தன்னைப் படியெடுத்துக் கொள்வதே அதன் பிழைப்பு. புழு இறந்தபின் இந்த வைரஸ் அடுத்த புழு வரும்வரை வெயிலிலும் மழையிலும் மண்ணிலும் காத்திருக்க வேண்டும். அதற்காக அது ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. 'பாலிஹெட்ரின்' என்னும் ஒரு புரதத்தை மலைபோல் உற்பத்தி செய்து, அப்புரதத்தால் பல முகங்கள் கொண்ட படிகங்களை அமைத்து, அவற்றுக்குள் வைரஸ் துகள்கள் அடங்கிவிடுகின்றன. ஒரு படிகத்தின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. இப்படிகங்களுக்குள் வைரஸ் மண்ணில் பல ஆண்டுகள் அழியாதிருக்கும்.

அடுத்த புழு அந்த இலையைத் தின்கிறது. புழுவின் குடல் நம் வயிற்றைப்போல் அமிலமானதன்று; சுண்ணாம்பு நீரைப்போல் கடுங்காரமானது. அக்காரத்தில் படிகம் கரைகிறது. உள்ளிருந்த வைரஸ் வெளிப்பட்டுக் குடலின் உயிரணுக்களில் புகுகிறது. சில நாட்களில் உடல் முழுதும் பரவிவிடுகிறது. சாகுமுன் புழு உச்சிக்கு ஏறுவதுகூட வைரஸின் ஏவலே. ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களில் இவ்வாறு ஏறச் செய்யும் வைரஸ் மரபணு ஒன்றை அமெரிக்க அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். உயரத்தில் செத்தால்தானே கீழ் இலைகளில் எல்லாம் படிகங்கள் சிந்தும்!

காட்டில் பிறந்த முதற்பயன்

அறிவியலார் இந்நோயிலிருந்து முதலில் பெற்ற பயன் பயிர்ப் பாதுகாப்பு. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஸ். ஜெயராஜ், ஆர். ஜே. ரபீந்திரா முதலிய பூச்சியியல் அறிஞர்கள் 1980களில் இத்துறையில் உழைத்தார்கள். பச்சைக் காய்ப்புழுவுக்கும் புகையிலை வெட்டுப்புழுவுக்கும் உரிய வைரஸ்களை வளர்த்து, அளவிட்டு, உழவர் தெளிக்கத்தக்க கரைசலாக்கினார்கள்.

அதன் செய்முறை எளிமையானது. புழுக்களுக்கு வைரஸ் தடவிய உணவைக் கொடுத்து நோய் உண்டாக்குவார்கள். காய்ப்புழு தன் இனத்தையே தின்னும் இயல்புடையதாகையால் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு குப்பியில் வளர்க்க வேண்டும். செத்த புழுக்களைத் திரட்டி அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சுழற்பொறியில் இட்டுத் தெளிய வைத்து, நுண்ணோக்கியின் கீழ்ப் படிகங்களை எண்ணுவார்கள். காய்ப்புழுவுக்கு எக்டருக்கு 250 புழுக்களுக்கு ஈடான வைரஸ் போதும் என்பது பரிந்துரை. எண்ணிக்கையில் சொன்னால் அது ஒன்றரை இலட்சம் கோடிப் படிகங்கள்! அக்கரைசலில் சிறிது வெல்லத்தையும் ஒட்டும் திரவத்தையும் கலந்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வைரஸை அழித்துவிடும் என்பதால்தான் மாலை வேளை.

இதில் குறைகளும் உண்டு. தெளித்த மறுநாளே புழு சாகாது. ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். ஒவ்வொரு புழுவினத்துக்கும் அதற்கு உரிய வைரஸ் வேண்டும். வணிகத்துக்குச் செய்வதாயின் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். இக்குறைகளுக்கெல்லாம் ஈடாக ஒரு பெரும் நிறைவு உண்டு. அது தேனீயைக் கொல்லாது, மாட்டைக் கொல்லாது, தெளிப்பவனைக் கொல்லாது.

தெளிப்பவன் யார் என்பதை இம்மன்றத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. நிலம் ஒருவருடையது, விளைச்சல் ஒருவருடையது, தெளிப்பானைச் சுமக்கும் முதுகு பெரும்பாலும் நம்முடையது. 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நச்சேறி மாண்டார்கள். அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர் சிலர் உயிரிழந்தார்கள். முகமூடியும் கையுறையும் இன்றி, காற்றின் திசையும் பாராமல், கூலிக்காக நச்சைச் சுவாசிப்பவர்களுக்குப் புழுவை மட்டுமே கொல்லும் மருந்து என்பது உயிர்ப் பாதுகாப்பு.

காட்டிலிருந்து குடுவைக்கு

இனி இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். இங்கேதான் அறிவின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது.

பூச்சியின் உயிரணுக்களை அதன் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க முடியும் என்பதை ஆஸ்திரேலியாவின் தாமஸ் கிரேஸ் 1962ஆம் ஆண்டில் காட்டினார். 1970களில் அமெரிக்க அறிஞர்கள் படைப்புழுவின் கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து சூலகத்தை எடுத்து, அதன் உயிரணுக்களைக் குடுவையில் பெருக்கினார்கள். அப்புழுவின் அறிவியற் பெயர் ஸ்போடாப்டெரா புருஜிபெர்டா. அவ்வுயிரணுக்களிலிருந்து பின்னர்ப் பிரித்தெடுத்த ஒரு வழிக்கு 'எஸ்.எப்.9' என்று பெயர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவேன்.

டெக்சாஸ் மாநிலத்தில் மாக்ஸ் சம்மர்ஸ், கேல் ஸ்மித் என்னும் இருவர் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். வெயிலும் மழையும் தாங்குவதற்காக அன்றோ வைரஸ் படிக வீட்டைக் கட்டுகிறது? குடுவைக்குள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை; ஓர் உயிரணுவிலிருந்து அடுத்ததற்கு வைரஸ் நேரே தாவுகிறது. அங்கே வீடு எதற்கு? வீடு வேண்டாம் என்றால், அவ்வீட்டின் செங்கல்லாகிய பாலிஹெட்ரின் புரதத்துக்கு உரிய மரபணுவும் வேண்டாம். அந்த இடத்தில் வேறொரு மரபணுவை வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்தார்கள். மனித உடலில் வைரஸ்களை எதிர்க்கும் இன்டர்பெரான் என்னும் புரதத்துக்கான மரபணுவைப் படிக மரபணுவின் இடத்தில் பொருத்தினார்கள். படிகம் உண்டாகாத வைரஸ்களை நுண்ணோக்கியில் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அவ்வைரஸ் புகுந்த புழுவின் உயிரணுக்கள் மனித இன்டர்பெரானை உண்டாக்கின! 1983ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985இல், ஜப்பானில் சுசுமு மயேதாவும் உடன் உழைத்தோரும் உயிருள்ள பட்டுப்புழுவின் உடலிலேயே மனித இன்டர்பெரானை விளைவித்தார்கள். பட்டு வளர்ப்போரை அழவைத்த கிராசெரி வைரஸே அதற்குக் கருவியாயிற்று.

இதன் உட்பொருளைச் சிவகாசிக்காரர்களாகிய நமக்கு விளக்குவது கடினமன்று. அச்சகத்தில் ஆப்செட் யந்திரம் ஒன்றுதான். அதில் பொருத்தும் தகடு மாறினால் வரும் படம் மாறுகிறது. காலண்டரும் அதில்தான் அச்சாகிறது. பாடநூலின் அட்டையும் அதில்தான் அச்சாகிறது. பாகுலோ வைரஸின் படிக மரபணுவை ஓட்டும் விசை, உயிர் உலகம் கண்ட மிக வேகமான அச்சு யந்திரங்களில் ஒன்று. நோயின் இறுதிக் கட்டத்தில் உயிரணுவின் புரதத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு புரதமாகவே ஆக்கிவிடும் வேகம் அதற்கு உண்டு. அறிஞர்கள் யந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் மாற்றினார்கள்.

பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் இதைச் செய்யலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இன்சுலினைப் பாக்டீரியாவில் செய்கிறார்கள். ஆனால் பல புரதங்கள் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். சிலவற்றின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளும் பூட்டப்பட வேண்டும். பாக்டீரியாவுக்கு அவ்வேலைகள் பெரும்பாலும் வராது. பூச்சியின் உயிரணு நம் உயிரணுவைப் போலவே மடித்து, ஏறத்தாழ நம்மைப் போலவே சர்க்கரையும் பூட்டும். முற்றும் மனிதச் சர்க்கரையன்று, எளிமையான வடிவம். பல மருந்துகளுக்கு அது போதும். அன்றியும் பூச்சியின் உயிரணு 27 பாகை வெப்பத்தில் வளர்கிறது. வைரஸைச் செலுத்தியபின் இரண்டு மூன்று நாட்களில் புரதம் அறுவடைக்கு வந்துவிடும்.

நம் மக்காச்சோளக் காட்டுப் புழுவும் புனேயின் தடுப்பூசியும்

எஸ்.எப்.9 என்னும் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். அதன் தாய்ப் புழுவாகிய படைப்புழு அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 2016ஆம் ஆண்டில் அது ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டின் நடுவில் கர்நாடக மாநிலம் சிவமொக்கா வட்டாரத்து மக்காச்சோளத்தில், இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் புகுந்தது. விருதுநகர் மாவட்டத்து மானாவாரி மக்காச்சோளமும் அதற்குத் தப்பவில்லை. குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போன்ற எச்சத்தை நிறைத்து, இலைகளைச் சல்லடையாக்கிய அப்புழுவை நம் மக்கள் நன்கு அறிவார்கள். விளைச்சல் போனதால் உழவன் நட்டமடைந்தான்; ஒடிப்புக் கூலி போனதால் நம் பெண்கள் நட்டமடைந்தார்கள்.

அப்புழு நம் காட்டை அழித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்டுகளுக்குள், அதே இனப் புழுவின் உயிரணுக்கள் புனே நகரில் தடுப்பூசி செய்துகொண்டிருந்தன. கொரோனாத் தொற்று உலகை வாட்டிய காலம் அது. அமெரிக்காவின் நோவாவாக்ஸ் நிறுவனம் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கான மரபணுவைப் பாகுலோ வைரஸில் பொருத்தி, எஸ்.எப்.9 உயிரணுக்களில் செலுத்தி, அப்புரதத்தை விளைவித்தது. சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருளை, உடலின் எதிர்ப்பைத் தூண்டுவதற்காக அதனுடன் சேர்த்தார்கள். புனேயில் உள்ள சீரம் நிறுவனம் அத்தடுப்பூசியை இந்தியாவிலேயே உற்பத்தி செய்து 'கோவோவாக்ஸ்' எனப் பெயரிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021 டிசம்பர் 17ஆம் நாளும், இந்திய அரசு அதே மாதம் 28ஆம் நாளும் அதற்கு அவசரகால அனுமதி வழங்கின. நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும்தான். கோவோவாக்ஸ் காலத்தால் பிந்தியது. எனினும் கடுங்குளிர்ப் பெட்டி வேண்டாமல், சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்திருக்கலாம் என்பது கிராமப்புறத்துக்கு ஏற்ற அதன் சிறப்பு.

1983இல் இன்டர்பெரான் ஆய்வைச் செய்த அதே கேல் ஸ்மித், ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நோவாவாக்ஸ் நிறுவனத்தில் இத்தடுப்பூசிப் பணியில் முன்னின்றார். அவர் தொடக்கத்தில் கற்றது புழு வைரஸின் படிகத்தைப் பற்றி. கொரோனாப் பெருந்தொற்று அன்று தோன்றியிருக்கவுமில்லை. ஒன்றை ஆழக் கற்றவன் எந்த நாளில் எந்தப் பேரிடருக்கு உதவுவான் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இதற்கு முன்பே கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் என்னும் தடுப்பூசியும் இம்முறையில் உருவாயிற்று. அதற்கு வேறொரு அந்துப்பூச்சியின் உயிரணுக்களைப் பயன்படுத்தினார்கள். முட்டையைப் பயன்படுத்தாமல் பூச்சி உயிரணுவில் செய்த ஃபுளூத் தடுப்பூசி 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மரபணுவைக் கொண்டு சேர்க்கும் ஊர்தி

மூன்றாம் கட்டம் இன்னும் நுண்ணியது. இதுவரை சொன்னது வைரஸைக் கொண்டு குடுவையில் புரதம் செய்வது. மனித உடலின் உயிரணுவுக்குள்ளேயே ஒரு நல்ல மரபணுவைக் கொண்டு சேர்க்க இந்த வைரஸ் உதவுமா?

வாணவெடியில் குழாயும் உந்துமருந்தும் மேலே கொண்டு செல்லும் வேலையைச் செய்கின்றன. வானில் சிவப்புப் பூப்பதும் பச்சை பூப்பதும் உள்ளே இட்ட மணிமருந்தைப் பொறுத்தது. அவ்வாறே வைரஸின் உறை ஓர் ஊர்தி; உள்ளிருக்கும் மரபணு அதன் சரக்கு.

1995ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள், பாகுலோ வைரஸ் மனிதக் கல்லீரல் உயிரணுவுக்குள்ளும் புகவல்லது என்று காட்டினார்கள். புகுகிறது, சரக்கை இறக்குகிறது. ஆனால் அங்கே பெருகுவதில்லை. பூச்சிக்கு உரிய ஏற்பாடுகள் மனித உயிரணுவில் இல்லாமையால் அதன் சொந்த மரபணுக்கள் அங்கே பெரும்பாலும் செயற்படுவதில்லை. ஊர்திக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்? ஒரு தடை மட்டும் உண்டு. நம் இரத்தத்தில் உள்ள காப்புப் புரதங்கள் இந்த வைரஸை விரைவில் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. ஆதலால் ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் இதனைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். உடலுக்குள் நேரே செலுத்தும் சிகிச்சையாக இது இன்னும் நிலைபெறவில்லை.

ஆனால் சுற்றுவழியில் அது மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. மரபணுச் சிகிச்சைக்கு ஏஏவி என்னும் வேறொரு சிறு வைரஸை ஊர்தியாகக் கொள்கிறார்கள். அந்த ஊர்தியைப் பெருமளவில் கட்டும் தொழிற்கூடமாகப் பூச்சி உயிரணுவையும் பாகுலோ வைரஸையும் பயன்படுத்துகிறார்கள். இரத்தம் உறைவதற்குரிய ஒன்பதாம் காரணி குறைந்தவர்களுக்கான ஹெம்ஜெனிக்ஸ் என்னும் மரபணு மருந்து இவ்வாறு செய்யப்படுவதே. அது 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருமுறை ஏற்றிக்கொண்டால் உடலே அக்காரணியைச் செய்யத் தொடங்குகிறது.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் அது 35 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 28 கோடி ரூபாய்க்கு மேல். அறிவு வளர்ந்த வேகத்தில் நீதி வளரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எட்டாம் காரணி குறைந்த ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, அதன் வெற்றியை 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். அவர்கள் கையாண்டது வேறு வகை வைரஸ் ஊர்தி. எனினும் இச்சிகிச்சை இந்தியாவில் நடக்கவியலும் என்பதை அது நிலைநாட்டிற்று. நம் நாட்டில், நம் மாநிலத்தில் இம்மருந்துகள் உருவானால்தான் ஏழையின் கைக்கு எட்டும் விலை வரும். உருவாக்குவோரில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் அவ்விலையைப் பற்றிய கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே எழும்.

அச்சமும் எச்சரிக்கையும்

வைரஸ் என்றவுடன் அச்சம் தோன்றுவது இயல்பு. இரண்டு செய்திகளைக் கூறுகிறேன். படிக மரபணுவை இழந்த ஆய்வுக்கூட வைரஸ் குடுவைக்கு வெளியே நெடுநாள் வாழாது. வீடிழந்த அது வெயிலில் அழியும். இது ஆறுதலான செய்தி. மற்றொன்று எச்சரிக்கை. உலகெங்கும் பல்லாண்டு பயன்பட்ட படைப்புழு உயிரணுக்களிலேயே, அதுகாறும் எவரும் அறியாத வேறொரு வைரஸ் ஒளிந்திருந்ததை 2014ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. அதன்பின் அவ்வைரஸ் இல்லாத உயிரணு வழிகளை உருவாக்க முனைந்தார்கள். ஐயுற்றுச் சோதிப்பதும், கண்ட குறையை மறைக்காமல் வெளியிடுவதும் அறிவியலின் ஒழுக்கம்.

இத்தகைய ஒழுக்கம் நம் மக்களுக்குப் புதியதன்று. மணிமருந்து அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது, இரும்பு உரசலாகாது, பருத்தி ஆடையே உடுக்க வேண்டும், எடை தப்பலாகாது என்பனவற்றைக் கடைப்பிடித்துப் பட்டாசு செய்யும் கைகள் நம் கைகள். விதி மீறப்பட்ட இடங்களில் உயிர் கொடுத்ததும் நம் வீடுகளே. உயிரணு வளர்க்கும் ஆய்வுக்கூடம் கேட்பதும் அதே நிதானம், அதே தூய்மை, அதே எடைக் கணக்குத்தான். அங்கே கை தவறினால் குடுவை கெடும். மனித உயிர் போகாது. அந்த அறைக்குள் நம் பிள்ளைகள் நுழையாமல் இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று எவராவது சொன்னால், நான் அதனை மறுக்கிறேன்.

நாம் செய்ய வேண்டுவன

பிளஸ் டூ தேர்ச்சியில் பல்லாண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைப் பெற்ற மாவட்டம் விருதுநகர். தேர்ச்சி பெற்றபின் நம் பிள்ளைகள் எங்கே செல்கிறார்கள் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. உயிரியல் படித்தவனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லையானால் எல்லாம் முடிந்தது என்று எண்ணி, ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுகிறான். மருத்துவம் ஒன்றே உயிரியலின் வாயில் அன்று. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகிய எவ்வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம்.

அருகில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பருத்தி ஆராய்ச்சி நிலையம் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. உயிரியல் தொழில்நுட்பத்தில் நடுவண் அரசு உதவி பெறும் முதுகலைப் படிப்புகளுக்கு 'காட்-பி' என்னும் தேர்வு நடைபெறுகிறது. ஆராய்ச்சிப் படிப்புக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கென 2005-06ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். உரிமை இருப்பதே தெரியாமல் போவது நம் பெரிய இழப்பு. இவற்றின் விண்ணப்ப நாட்களை ஆண்டுதோறும் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஓர் இளைஞர் பொறுப்பேற்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்தோம், ஆங்கிலக் கலைச்சொல் அச்சுறுத்துகிறது என்று மாணவர்கள் தயங்கலாம். இன்று ஒரு மணி நேரமாக நாம் பேசியது உலகின் உயர்ந்த ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் அறிவியல். அதனை உங்கள் தாய்மொழியில் புரிந்துகொண்டீர்கள். பொருள் புரிந்தபின் சொல்லைக் கற்பது எளிது. பொருள் புரியாமல் சொல்லை மனனம் செய்தவர்களைவிட நீங்கள் முன்னே நிற்கிறீர்கள்.

இறுதியாகக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாகப் பல பொருள்களை வாங்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அவற்றுள் ஒரு நல்ல நுண்ணோக்கியும் இருக்கட்டும். நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கி போதும். அடுத்த பருவத்தில் மக்காச்சோளக் காட்டிலோ பருத்திக் காட்டிலோ தலைகீழாகத் தொங்கிச் செத்த புழு ஒன்று கிடைத்தால், கையுறையுடன் எடுத்து வந்து, அதன் நீரில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுங்கள். மணிமணியாக ஒளிவிடும் படிகங்கள் தென்படும். டெக்சாஸில் சம்மர்ஸும் ஸ்மித்தும் பார்த்ததும் அத்தகைய படிகங்களையே. அவற்றை முதன்முதல் பார்க்கும் நம் வீட்டுப் பெண்ணோ பையனோ, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால், இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அதுவே தகுந்த ஊதியம்.